தொப்பிக்கு எத்தனை டிகிரி

குஜந்த், 12 ஜனவரி 2008

நிசோராவின் அப்பாவுக்கு, ஸலாம்.

நீங்கள் அனுப்பிய பெட்டியைப் பிரித்தபோது இருந்தவர்கள்: நான், உங்கள் அம்மா, பெரியவள் நிசோரா, சின்னவள் அனோரா, சல்லடை இரவல் கேட்டு வந்த உங்கள் தம்பி மனைவி ஷரோஃபத், பெட்டியைக் கொண்டுவந்த பஸ் டிரைவர் சத்தோர். மொத்தம் ஆறு பேர். கங்குக் குழிக்கு மேல் போட்ட சந்தலி மேசைக்கு அடியில், ரஜாய்ப் போர்வைக்குள், நம் ஆமை, தொப்பி. இப்படிப் பெயர் பெயராக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தை நிசோரா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டாள். நான் பட்ட வெட்கத்துக்கு இத்தனை பேர் சாட்சி.

நாலு பக்கக் கடிதம். முதல் பக்கம், பெட்டியிலிருக்கும் சிவப்பு பல்பை ஆமைக்கு எத்தனை சாண் உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்பது. இரண்டாம் பக்கம், பகலில் எத்தனை டிகிரி, இரவில் எத்தனை டிகிரி. மூன்றாம் பக்கம், இரவில் சூடு குறைந்தால் ஆமைக்கு முதலில் மூக்கு ஒழுகும், பிறகு நெஞ்சில் சளி கட்டும், பிறகு மௌத். நாலாம் பக்கம், தினமும் புதுக்கீரை. கடைசி வரி, ‘மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம் என நம்புகிறேன்.’ அந்த ‘மற்றபடி’க்குள் நாங்கள் நாலு பேரும் அடங்கிவிட்டோம்.

நிசோரா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இல்லை. ஷரோஃபத் சும்மா இருப்பாளா?

“அக்கா, பேசாம நீயும் ஒரு ஓட்ட முதுகுல கட்டிக்கிட்டு மேசைக்கடியில போய்ப் படுத்துக்க. அப்பவாச்சும் மச்சான் உனக்கு மூக்கு ஒழுகுதான்னு கேப்பாரு.”

சத்தோர் தேநீர்க் கிண்ணத்துக்குள் சிரித்தார். உங்கள் அம்மா கோபித்துக்கொண்டார். “எம்புள்ளைய யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. வாயில்லாத ஜீவன் மேல அவனுக்கு அவ்ளோ பாசம்.”

“வாய் இருக்கறவங்க என்ன அத்தை பாவம் பண்ணினோம்?” என்று கேட்டேன். அவர் தொப்பியின் மேல் ரஜாயை இழுத்து மூடினார். உங்களையும் அதையே கேட்கிறேன்.

கரண்ட் வருகிற நேரத்தை டிசம்பர் முதல் தேதியிலிருந்து நோட்டில் குறித்துவருகிறேன். காலை ஐந்திலிருந்து ஏழு வரை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை. ஒன்பது நாள் மாலையில் வரவே இல்லை. நடு இரவில் ஒருநாள்கூட இருந்தது கிடையாது. நீங்கள் இரவுக்கென்று விளக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கரண்டை யார் கையில் கொடுத்தனுப்பினீர்கள்? சத்தோரின் பஸ்ஸில் நன்றாகத் தேடச் சொன்னேன், இல்லையாம்.

வெளியே கழிவறைக்குப் போகும் வழியில் பனியை வெட்டித்தான் போகிறோம். ஆற்றின் ஓரம் கல்லாகிவிட்டது. வீட்டில் சூடு என்பது சந்தலிக் குழியில் போடுகிற கங்கு மட்டும்தான். நாலு பேரும் மேசையைச் சுற்றிப் படுத்து ரஜாய்க்குள் காலை நீட்டிக்கொள்கிறோம். நடுவில் உங்கள் தொப்பியின் பெட்டி. முந்தாநாள் உங்கள் அம்மா இரவு முழுவதும் அதன் முதுகில் பாதத்தை வைத்துத் தூங்கியிருக்கிறார். துணியில் சுற்றிய செங்கல் என்று நினைத்தாராம். காலையில், “செங்கல் நகருதுடீ” என்று கத்தினார்.

பதினோரு வருஷமாக நவம்பர் வந்தால் அது கொல்லையில் கேரட் குழி மணலுக்குள் தூங்கப் போகும், மார்ச்சில் நவ்ரூஸை ஒட்டி எழுந்து வரும். இந்த நவம்பரில் நீங்கள் போன் பண்ணி, தூங்கவிடாதே, குளிர்காலம் முழுக்கச் சூடாக வைத்திரு என்றீர்கள். ஏன் என்று கேட்டேன், ரஷ்ய டாக்டர்கள் சொல்கிறார்கள் என்றீர்கள். டிசம்பரில் பேசியபோது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன், ஆமையைப் பார்த்துக்கொள் என்று போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். கடிதத்தை நடுவில் யாரும் வைத்துவிட முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

கிளம்பும்போது வாசலில் நின்று, ‘தொப்பி எழுந்திருக்கும்போது நானும் வந்துவிடுவேன்’ என்றீர்கள். போன வருஷம் அது எழுந்தது. நீங்கள் வரவில்லை.

சத்தோரிடம், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, “நல்லாத்தான் இருக்காரு அக்கா, நல்ல சூடா இருக்காரு” என்றார். கட்டட வேலையில் இருப்பவர் ஜனவரி மாதம் எப்படிச் சூடாக இருப்பார் என்று எனக்குப் புரியவில்லை. நீங்களே எழுதுங்கள்.

ஹோசியத்


யெகாதெரின்பர்க், 22 ஜனவரி 2008

ஹோசியத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோர் எதிரிலும் படிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நிசோராவிடம் கொடுத்தது நீ. ஷரோஃபத்துக்குச் சல்லடை இல்லாமல் பத்து வருஷமாக எப்படிக் குடும்பம் நடக்கிறது என்று என் தம்பியைத்தான் கேட்க வேண்டும்.

சந்தலிக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்ற வரியை நம்ப முடியாமல் இரண்டு தடவை படித்தேன். கங்குப் புகை ரஜாய்க்குள் தங்கும். மனிதர்களின் மூக்கு ரஜாய்க்கு வெளியே இருக்கிறது, அதன் மூக்கு உள்ளே இருக்கிறது. இது ஏழாம் வகுப்புப் பாடம். எனக்கு மனைவியாகப் பதினாறு வருஷம் இருந்தவளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உடனே வெளியே எடு. கரண்ட் இல்லையென்றால் வெந்நீர் பாட்டில் வை. இரண்டு லிட்டர் பாட்டில்கள் இரண்டு, துணி சுற்றி, பெட்டியின் இரு பக்கமும். பெட்டிக்கு மேல் கம்பளம், மூச்சுக்கு நாலு விரல் சந்து. இரவு பதினொன்றுக்கு ஒருமுறை மாற்று, இரண்டுக்கு ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை. ஏனென்றால் சூடு இறங்குவது அந்த நேரங்களில்தான். இங்கே பதினொன்றுக்கு 25 டிகிரி, இரண்டுக்கு 23, நாலரைக்கு 22. அதற்குக் கீழே நாங்கள் விடுவதில்லை. ஒரு நண்பனின் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முக்கியமானதைக் கேள். நல்ல சூட்டில் ஆமை தின்னும், நடக்கும். நல்ல குளிரில் விளக்கை அணைப்பது மாதிரி உடம்பை அணைத்துவிட்டுத் தூங்கும். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் தூங்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் தன் உடம்பைத் தானே கரைத்துக்கொள்ளும். அதுதான் ஆபத்து. அதனால்தான் டிகிரி, டிகிரி என்று கத்துகிறேன். உனக்கு அது வேடிக்கையாக இருக்கிறது.

கட்டட வேலை நன்றாகப் போகிறது. ஒன்பதாவது மாடிக்கு வந்துவிட்டோம். ஆட்களை மேற்பார்வை பார்க்கிற பொறுப்பு எனக்கு. வருவதைப் பற்றி இப்போது எழுத முடியாது, வேலை முடிகிற நிலைமையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அம்மாவுக்கு ஸலாம். தொப்பியின் மேல் காலை வைக்க வேண்டாம் என்று சொல். பிள்ளைகளுக்கு முத்தம். இது பத்தாவது வரியில்தான் வருகிறது என்று எண்ணிப் பார்த்துக் குறை சொல்லாதே.

நெமத்


குஜந்த், 4 பிப்ரவரி 2008

நிசோராவின் அப்பாவுக்கு, ஸலாம்.

எண்ணிப் பார்த்தேன். பத்தாவது வரி இல்லை, இருபத்தைந்தாவது வரி.

இந்தக் கடிதத்தை நானே படித்தேன், தனியாக, விரலை வைத்து உங்கள் கிறுக்கலை எழுத்துக் கூட்டி. அதனால் நேரமானது, நேரமானதால் ஒவ்வொரு வார்த்தையும் நின்று போனது. நீங்கள் மறைக்க நினைத்ததை வேகமாகப் படிக்கிறவர்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

முதலில் பாட்டில் விஷயம். மூன்று இரவு நீங்கள் சொன்னபடி செய்தேன். அலாரம் வைத்தால் எல்லோரும் எழுவார்கள் என்று இரவு இஷா தொழுதுவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். பதினொன்றுக்கு மண்ணெண்ணெய் அடுப்பில் வெந்நீர், இரண்டுக்கு வெந்நீர், நாலரைக்கு வெந்நீர். ஆமையின் தயவில் மூன்று நாளும் பின்னிரவுத் தஹஜ்ஜுத் தொழுகை தவறவில்லை, அதற்கு அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் அனுப்பிய வெப்பமானியைப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். பாட்டில் வைத்ததும் 19, ஒரு மணி நேரத்தில் 15, மறுபடி பாட்டில் மாற்றும்போது 12. நீங்கள் எழுதிய 22 எங்கள் வீட்டுக்குள் இதுவரை வந்ததே இல்லை. எங்களுக்கே இல்லை.

மூன்றாம் இரவு ஒரு பாட்டில் மூடி சரியாக இல்லை. உங்கள் அம்மாவின் ரஜாய் முழுக்க நனைந்தது. அவர் இருட்டில் எழுந்து உட்கார்ந்து, “ஹோசியத், எனக்கு என்னவோ ஆயிடுச்சு, யார்கிட்டயும் சொல்லாத” என்று என் காதில் சொன்னார். இல்லை அத்தை, பாட்டில் என்று சொல்லி நம்ப வைப்பதற்குள் பொழுது விடிந்தது. இப்போதும் முழுக்க நம்பவில்லை.

பிறகு தராசு. சந்தைத் தராசில் மாதாமாதம் தொப்பியை நிறுத்து எழுதி வைத்திருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். டிசம்பர் முதல் தேதி 1340 கிராம். ஜனவரி முதல் தேதி 1275. பிப்ரவரி முதல் தேதி 1180. பதினோரு வருஷத்தில் இரண்டு மாதத்துக்குள் இவ்வளவு இறங்கியது இல்லை. ஜனவரி பத்திலிருந்து ஒரு இலைகூடத் தொடவில்லை. கண் பாதி திறந்திருக்கிறது. பகல் முழுக்கப் பெட்டியின் ஒரே மூலையைப் பிறாண்டுகிறது. பெட்டியைத் திருப்பி வைத்தேன், மறுபடி கொல்லைக் கதவு இருக்கிற பக்கத்து மூலைக்கே போய்ப் பிறாண்டியது. நகம் தேய்ந்துவிட்டது.

நடுவில் வைப்பதுதான் ஆபத்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். நாம் வைத்திருப்பது நடுவில்தான். கரண்ட் இல்லாத ஊரில் அதைச் சூட்டில் வைக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தூங்கவிடாதே என்கிறீர்கள். படித்த மனிதர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டே தொழுகை விரிப்பில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மற்றதெல்லாம் தெளிந்தது.

ஒன்று. பதினொன்று, இரண்டு, நாலரை. ஒன்பதாவது மாடி கட்டுகிற மேற்பார்வையாளர் அந்த நேரத்தில் தூங்குவார். ஒவ்வொரு இரவும் டிகிரி பார்க்க மாட்டார். அந்த நேரத்தில் விழித்திருந்து எண் பார்க்கிறவர் காவல்காரர்.

இரண்டு. சத்தோர் நேற்று வந்தபோது ரொட்டியும் ஷவ்லா அரிசிக் கஞ்சியும் வைத்தேன். பாதிக் கிண்ணம் காலியானதும், “சத்தோர், ரொட்டியத் தொட்டுச் சொல்லுங்க. அவர் எங்க தூங்குறாரு?” என்று கேட்டேன். அவர் ரொட்டியைப் பார்த்தார். “அக்கா, என்னைய ஏன் இதுல மாட்டி விடுறீங்க” என்றார். மறுபடி ரொட்டியைப் பார்த்தார். “கடையில தூங்குறாரு. பிராணிங்க விக்கிற கடை” என்றார். மிச்ச ஷவ்லாவைச் சாப்பிடாமலே போய்விட்டார். அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு உங்களால் போயிற்று.

மூன்று. ‘அதற்குக் கீழே நாங்கள் விடுவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் என்றால் யார் யார்? நான் எங்கள் வீட்டில் இருந்தவர்களைப் பெயர் சொல்லி எழுதினேன். நீங்களும் எழுதுங்கள். ஷரோஃபத் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறாள், அதை இந்தத் தாளில் எழுத எனக்கு வாய் வரவில்லை.

நான்காவது, நான் செய்தது. உங்களைக் கேட்காமல் செய்தேன், மறைக்க மாட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் தொப்பியை இரண்டு நாள் குளிப்பாட்டினேன், வயிறு காலியானது. ஒரு நாள் ஜன்னல் ஓரம், இரண்டு நாள் நடையில், ஒரு நாள் சாமான் அறையில். இன்று காலை பிஸ்மில்லா சொல்லிக் கேரட் குழியில் இறக்கி மணல் போட்டு, வைக்கோல் போட்டு, பலகை வைத்து, மேலே உங்கள் பழைய கோட்டைப் போட்டு மூடினேன். வெப்பமானியை நூலில் கட்டி உள்ளே விட்டிருக்கிறேன். 5 டிகிரி. நீங்கள் அனுப்பியதில் உபயோகமானது அது ஒன்றுதான். சிவப்பு பல்பு மாலை ஆறிலிருந்து எட்டு வரை உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு எரிகிறது. ஆமை வைத்தியம் தனக்குப் பலித்துவிட்டது என்கிறார்.

இவ்வளவு இளைத்த உடம்போடு தூங்கப் போயிருக்கிறது. பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. செத்தால் என்னைத் திட்டுங்கள். ஆனால் எங்கிருந்து திட்டுகிறீர்கள் என்பதை உண்மையாக எழுதிவிட்டுத் திட்டுங்கள்.

ஹோசியத்


யெகாதெரின்பர்க், 16 பிப்ரவரி 2008

ஹோசியத்,

கடையில் இரவு இருப்பவர்கள்: நான். பதினான்கு ஆமைகள். இரண்டு பச்சோந்திகள். முயல்கள், எண்ணிக்கை தினமும் மாறும். கிளி ஒன்று, ரஷ்ய மொழியில் கெட்ட வார்த்தை மட்டும் பேசும். ஷரோஃபத்திடம் இந்தப் பட்டியலைக் காட்டு. இதில் சந்தேகப்பட வேண்டிய ஆள் யாரென்று அவளே சொல்லட்டும்.

ஒன்பதாவது மாடி கட்டினோம், அது உண்மை. அக்டோபரில் மேஸ்திரி எங்கள் பதினேழு பேரின் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி நாலு மாதக் கூலியைத் தராமல் காணாமல் போனான். தங்கியிருந்த தகரக் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். எட்டு நாள் ரயில் நிலையத்தில் இருந்தேன். அங்கே இந்தக் கடைக்காரர், ஒரு கிழவர், வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். நான் உயிரியல் ஆசிரியர் என்றதும், எங்கே, இந்த ஆமைக்கு என்ன வயசு சொல்லு என்றார். சொன்னேன். சாவியைக் கொடுத்துவிட்டார். கூலி கொஞ்சம்தான். தூங்க இடமும் சூடும் உண்டு.

பதினான்கும் நம் பக்கத்து ஆமைகள். நம் மலையடிவாரத்தில் வசந்தத்தில் பிடித்து மூட்டையில் கட்டி அனுப்புகிறார்கள். பொறுக்கி எடுத்தால் தொப்பியின் சொந்தக்காரர்களாகக்கூட இருக்கும். ராத்திரி விளக்குக்குக் கீழே அதுகளோடு 25 டிகிரியில் படுத்திருப்பேன். உன் கடிதத்தில் கழிவறைக்கு வழி வெட்டுவதைப் படித்துவிட்டு எழுந்து போய் விளக்கில்லாத பக்கம் படுத்தேன். அதனால் உங்களுக்கு ஒரு டிகிரிகூடக் கூடாது என்று தெரியும். இருந்தாலும் படுத்தேன்.

தூங்கவிடாதே என்று ஏன் சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். நேராகக் கேட்கவில்லை, படித்த மனிதர் என்று குத்திக் கேட்டிருக்கிறாய். இந்தக் கடையில் எந்த ஆமையையும் தூங்கவிட மாட்டார்கள். தூங்குகிற ஆமையை யாரும் வாங்க மாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, அதுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நவம்பரில் அந்த போன் பண்ணியது பாஸ்போர்ட் போன மறுவாரம். அம்மா போனை வாங்கி, “தொப்பி தூங்கப் போவுதுடா. இனிமே அது எந்திரிச்சா நீ வந்துடுவ” என்றார். அது தூங்கினால்தானே எழுந்திருக்கும் என்று தோன்றியது. தூங்காத ஆமைக்கு எழுகிற நாள் கிடையாது. வாயில் வந்தது அதுதான், பிறகு அதற்கு டிகிரி தேடி எழுதினேன்.

பத்து வருஷம் நானே என் கையால் மணல் போட்டு மூடியவன். மூலையைப் பிறாண்டுகிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகு இங்கே பதினான்கும் அப்படித்தான் பிறாண்டுகின்றன என்பதைக் கவனித்தேன். முன்பும் பார்த்தேன். கவனிக்கவில்லை.

பாஸ்போர்ட் போன வாரம் கைக்கு வந்துவிட்டது, மேஸ்திரியின் தம்பி பயந்து கொண்டுவந்து கொடுத்தான். கூலி வராது. இரண்டு வருஷம் கழித்து வெறுங்கையோடு அந்தத் தெருவில் எப்படி நடப்பது? அம்மா அண்டை வீட்டாரிடம் மேற்பார்வையாளர் என்று சொல்லி வைத்திருப்பார். இன்னும் ஒரு வருஷம் இருந்தால் ஏதாவது சேர்க்கலாம். பார்க்கலாம்.

குழியில் 3-க்குக் கீழே போனால் இன்னும் வைக்கோல் போடு. 9-க்கு மேல் போனால் பலகையைக் கொஞ்சம் நகர்த்து. தோண்டிப் பார்க்காதே, எழுந்துவிடும். ஆனால் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் எழுது. தோண்டாமல் எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. எழுது.

நெமத்


குஜந்த், 3 மார்ச் 2008

நிசோராவின் அப்பாவுக்கு, ஸலாம்.

குழியருகில் இருந்தவர்கள்: நான், உங்கள் அம்மா, நிசோரா, அனோரா, ஷரோஃபத். இந்த முறை சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், ஜனவரியில் வாங்கியதை.

நீங்கள் தோண்டாதே என்றீர்கள், எழுது என்றும் சொன்னீர்கள். இரண்டையும் ஒரே ஆளால் செய்ய முடியாது. பலகையை விலக்கி, முழங்கை வரை கையை மணலுக்குள் விட்டேன். ஓடு தட்டுப்பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. உங்கள் அம்மா மேலேயிருந்து, “என்னடீ, என்னடீ” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னங்காலைத் தேடி விரலால் லேசாக இழுத்தேன். சும்மா இருந்தது. இன்னொரு தடவை இழுத்தேன். ரொம்ப நேரம் கழித்து, விருப்பமில்லாதவர்கள் கதவைச் சாத்துகிற மாதிரி, மெதுவாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டது.

“இருக்கு” என்றேன். ஷரோஃபத் அழுதுவிட்டாள். அவளா என்று கேட்காதீர்கள், அவள்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, மச்சானுக்கும் இப்பிடி ஒரு தடவ காலப் புடிச்சு இழுத்துப் பாரேன்” என்றாள். இந்தக் கடிதம் அதுதான்.

எழுப்பிவிடக் கூடாது என்று துணியில் சுற்றி அப்படியே தராசில் வைத்து, உடனே இறக்கினேன். 1172 கிராம். நாலு வாரத்தில் எட்டு கிராம்தான் இறங்கியிருக்கிறது. உங்கள் சூட்டில் ஒரே மாதத்தில் தொண்ணூற்றைந்து. பிப்ரவரி ஒன்பதாம் தேதி ராத்திரி குழியில் 2 வரை போனது. நான் என் ரஜாயை எடுத்துப் போட்டேன். பத்தாம் தேதி 4. அதற்குப் பிறகு பயமில்லை. நீங்கள் சொல்லி வைக்கோல் போடுவதற்குள் பனி விலகிவிட்டது, உங்கள் யோசனைகள் எல்லாம் நாலு நாள் பஸ்ஸில்தானே வருகின்றன.

இனி உங்கள் கடிதம். அதைப் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. உங்கள் அம்மாவிடம் மட்டும் படித்துக் காட்டினேன். ரயில் நிலையம் வந்த இடத்தில் அவர், “நிறுத்து” என்றார். சந்தலிக் குழியைக் கிளறிவிட்டு, “படி” என்றார். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான், “கிழவர் அவனுக்குச் சாப்பாடு போடுறாரா?” மறுநாள் ரொட்டி வாங்கப் போன இடத்தில் தெருவே கேட்கும்படி, “எம்புள்ளை மேற்பார்வையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல, ஆமைக்குக் காவல் இருக்கான்” என்று சொல்லிவிட்டு வந்தார். ரொட்டிக்காரர் மனைவி, “எம்புருஷன் மாஸ்கோல பனி அள்ளுறாரு அத்தை, எட்டு மாசமாச் சத்தமே இல்ல” என்றாளாம். தெருவில் எப்படி நடப்பது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கவலை இனி வேண்டாம், உங்கள் அம்மா நடந்து முடித்துவிட்டார்.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நீங்கள் கூலி இழந்ததில் கோபமில்லை, அது அல்லாஹ்வின் ஏற்பாடு, அவன் கேட்டுக்கொள்வான். ஒரு நாளைத் தள்ளிப்போட ஒரு ஜீவனை மூன்று மாதம் தூங்கவிடாமல் வைத்தீர்களே, அதில்தான் கோபம். என்னையும் கூட்டாளியாக்கினீர்கள். மணலுக்குள் கையை விட்டிருந்தபோது நான் கேட்ட துஆவில் உங்கள் பெயர் கடைசியில்தான் வந்தது. இருபத்தைந்தாவது வரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தோருக்கு அன்று விட்ட ஷவ்லாவைப் புதிதாகச் செய்து கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டேன். இந்தப் பயணம் திரும்பும்போது பின் ஸீட்டில் ஓர் இடம் வைத்திருக்கிறார். அதற்கு உங்களிடம் ஒன்றும் வாங்க மாட்டார். கஸாக் பாதையில் சேறு, பஸ்ஸைத் தள்ள ஆள் வேண்டுமாம். பெட்டி வேண்டாம், பல்பு வேண்டாம், பாஸ்போர்ட் மட்டும் போதும். பள்ளிக்கூடத்தில் உங்கள் இடத்துக்கு வந்த உடற்பயிற்சி ஆசிரியர் தவளைக்கு எத்தனை அறை இதயம் என்று அனோராவையே கேட்டாராம்.

தொப்பி எழ இன்னும் மூன்று வாரம் இருக்கும். உங்கள் அம்மா ஒரு முக்காலியைக் குழியருகில் போட்டுவிட்டார். விடியலில் சுபுஹு தொழுததும் போய் உட்கார்ந்துகொள்கிறார், சிவப்பு பல்பால் குணமான முழங்காலோடு.

வருகிறீர்கள் என்றால் வருகிறேன் என்று எழுதுங்கள். இந்த வருஷமும் இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். அழுதுவிட்டு வேலையைப் பார்ப்பேன், அந்தக் குளிரைத் தாங்க எனக்குத் தெரியும். ‘பார்க்கலாம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது அந்தப் பெட்டியின் 12 டிகிரி.

சத்தோர் வெள்ளிக்கிழமை அங்கே சேர்ந்து, ஞாயிறு காலை திரும்புகிறார். அதற்குள் பதில் சொல்லுங்கள்.

ஹோசியத்